மீண்டவரும் மீண்ட நோயும்

மீளுதல் என்னும் வினைச்சொல் தமிழில் இருமுகம் கொண்டது. நோயாளி நோயினின்றும் மீண்டான் என்று கேட்டால் வீட்டார் முகம் மலரும். நோய் மீண்டது என்று கேட்டால் அதே வீட்டார் வாயடைத்து நிற்பர். ஒரே சொல் இரு நிலைக்கும் வழங்குவது தற்செயலாயிருக்கலாம். ஆயினும், கல்லீரலைப் பற்றும் ஒரு நோயின் சரித்திரத்தைப் படிக்கும்போது, இவ்விரு மீட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருப்பதைக் காண்கிறோம். ஹெப்படைட்டிஸ் சீ எனவும், சீ வகை ஈரலழற்சி எனவும் வழங்கும் அந்நோய்க்கு மருந்து தேடிய முப்பதாண்டுக் கதையே இப்பேச்சின் பொருள். மருந்துண்டு முடித்தபின் நோய் திரும்பி வந்தவர்களின் பக்கத்தில் நின்று அக்கதையைச் சொல்ல விரும்புகிறேன். குணமடைந்தவர்களின் கதையைச் சொல்லப் பலர் இருக்கின்றனர்.

இந்நோய்க்கு முதலிற் பெயர்தானும் இருக்கவில்லை. குருதி ஏற்றப்பட்டவர்களுட் சிலர் சில கிழமைகளின் பின் செங்கண்மாரி கண்டு துன்புறுவதை வைத்தியர்கள் நெடுநாளாக அறிந்திருந்தனர். 1960களில் பாரூக் புளூம்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் பீ வகை வைரசுக்கு வழிகாட்டும் பொருளைக் குருதியிற் கண்டார். 1973இல் ஏ வகை வைரசும் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் புலப்பட்டது. இனிக் குருதியைச் சோதித்து ஏற்றினால் தொல்லை தீர்ந்தது என்று பலர் எண்ணினர். தீரவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டரும் அவரோடு ஆராய்ந்தவர்களும், குருதி ஏற்றலால் வந்த ஈரலழற்சியிற் பெரும்பகுதி இவ்விரு வகையிலும் சேராதது என்று 1975இல் காட்டினர். அதற்கு இடப்பட்ட பெயர் ‘ஏயுமன்று, பீயுமன்று’ என்பது. இன்னதென்று சொல்லவியலாதவிடத்து இன்னதன்று என்று சொல்லி நிற்பது நம் தத்துவ நூலார்க்குப் பழகிய முறை. வைத்திய நூலில் அது அரிது.

பெயரில்லாத அந்நோய் ஓசையின்றி வளர்வது. தொற்றியவருட் பலருக்குக் காய்ச்சலுமில்லை, கண் மஞ்சளிப்பதுமில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலிற் சிறிது சிறிதாகத் தழும்பேறி, முடிவில் அது இறுகிச் சுருங்கும். சிலருக்குப் புற்றுநோயும் தோன்றும். ஈரற் கலங்கள் சேதமுறும்போது குருதியிற் கசியும் ஒருவகை நொதியத்தின் அளவே வைத்தியர்க்குக் கிடைத்த ஒரே அடையாளம். அந்த அளவு ஏறியிருந்தால் நோய் வேலை செய்கின்றது என்று கொண்டனர்.

வைரசு எதுவென்று அறியாமலே அதற்கு மருந்து கொடுத்துப் பார்த்தது இச்சரித்திரத்தின் வியப்பான பக்கம். 1957இல் இலண்டனில் அலிக் ஐசக்சும் ஜீன் லிண்டன்மானும் கண்டறிந்த இன்டர்பெரோன் என்னும் பொருள், வைரசு புகுந்த உடற்கலங்கள் தாமே சுரக்கும் எச்சரிக்கைப் பொருளாகும். அதைச் செயற்கையாகப் பெருமளவில் ஆக்கும் வழி பிறந்தபின், ஜே ஹூப்னேகிலும் அவர் குழுவினரும் பத்து நோயாளருக்கு அதை ஊசி மூலம் ஏற்றி, கண்டதை 1986இல் வெளியிட்டனர். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நொதிய அளவு விரைவாக இறங்கி, இயல்பு நிலையையோ அதன் அணிமையையோ அடைந்தது. அந்த எட்டுப் பேரில் இருவருக்கு நான்கு மாதத்தோடு மருந்து நிறுத்தப்பட்டது. இருவருக்கும் அளவு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. இந்நோய்க்கு மருந்துண்டு என்று உலகுக்குச் சொன்ன முதற் கட்டுரையிலேயே, நோய் திரும்பும் என்ற செய்தியும் எழுதப்பட்டிருந்தது.

மூன்றாண்டு கழித்து, 1989இல், 166 பேரைக் கொண்டு செய்த பெரிய பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. கிழமைக்கு மும்முறை 30 இலட்சம் அலகு வீதம் ஆறு மாதம் ஊசி ஏற்றப்பட்டவருள் நூற்றுக்கு 46 பேர் பயன்பெற்றனர். பயன்பெற்றவரை மேலும் ஆறு மாதம் கவனித்தபோது, அவருள்ளும் நூற்றுக்கு 51 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. ஆக, நால்வர் ஊசி ஏற்றிக்கொண்டால் ஒருவருக்கே நிலைத்த பயன். 1991இல் அமெரிக்க அரசு இம்மருந்தை இந்நோய்க்கு அங்கீகரித்தபோது கையிலிருந்த கணக்கு இதுவே. நால்வரில் ஒருவர் என்பது ஒன்றுமில்லாததிலும் மேல் என்று அங்கீகரித்தோர் கருதியிருப்பர். அது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

அதே 1989இல் கலிபோர்ணியாவில் கைரன் என்னும் நிறுவனத்தில் மைக்கல் ஹவுட்டன், குயி-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகியோர், அரசாங்க ஆய்வாளரான டானியல் பிராட்லியோடு சேர்ந்து, வைரசின் மரபுப் பொருளையே பிடித்துவிட்டனர். 2020இல் ஆல்ட்டருக்கும் ஹவுட்டனுக்கும் சார்ள்ஸ் றைசுக்கும் நோபற் பரிசு வழங்கப்பட்டது. சூவும் குவோவும் அதிற் சேரவில்லை. 2013இல் கனடாவின் பெரும் பரிசொன்றை, அவ்விருவரையும் விட்டுவிட்டுத் தருவதாயிற்று என்று ஹவுட்டன் ஏற்க மறுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது தகும்.

வைரசை நேரே தேடும் சோதனை கைக்கு வந்ததும் நோயாளரின் நிலை தெளிந்தது; தெளிவு சிலருக்குக் கசந்தது. நொதிய அளவு இயல்பாயிருந்தும் குருதியில் வைரசு உலவுவது கண்டுபிடிக்கப்பட்டது. குணமானார் என்று அனுப்பப்பட்டவருட் சிலர் குணமாகியிருக்கவில்லை. எனவே குணம் என்பதற்கே புதிய இலக்கணம் வகுக்க வேண்டியதாயிற்று: மருந்தை நிறுத்திய நாளிலிருந்து 24 கிழமை சென்றபின்னும் குருதியில் வைரசு காணப்படாதிருந்தால், அதுவே நிலைத்த பேறு. மருந்து உண்ணும் காலத்து முடிவைக் கொண்டு எவரையும் குணமடைந்தவர் என்று எண்ணலாகாது. நோய் திரும்பியவர்களின் ஏமாற்றத்தை அளவுகோலாக வைத்தே இந்த 24 கிழமை எல்லை எழுந்தது.

அந்த 24 கிழமை எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். இன்டர்பெரோன் எளிய மருந்தன்று. ஊசி ஏற்றிய இரவில் குளிரும் காய்ச்சலும் மேல்வலியும் வரும். முடி உதிரும், உடல் மெலியும். பலருக்கு மனம் இருண்டு போகும். பின்னர் இதனோடு சேர்த்துத் தரப்பட்ட ரைபாவிரின் குருதியின் செந்நிறக் கலங்களைக் குறைத்து இளைப்பை உண்டாக்கும். இவ்வாறு ஓராண்டு வரை பட்டு முடித்து, கடைசிச் சோதனையில் ‘வைரசு காணப்படவில்லை’ என்ற கடிதமும் பெற்று, ஊரார்க்கு நல்ல செய்தி சொல்லி வீடு திரும்பியவருக்கு, சில கிழமையில் மற்றொரு கடிதம் வரும். அப்போது அவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: நான் எங்கே தவறினேன்? எந்த ஊசியைத் தவறவிட்டேன், எந்தக் குளிசையை மறந்தேன், எதை உண்டேன்? வைத்தியரும் சிலவேளை அதையே கேட்பர். மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்க்கு நோய் தீரும் வாய்ப்புக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஒழுங்காக எடுத்தவர்க்கும் அது திரும்பியது. பழியை நோயாளி தலையில் ஏற்றிய இக்கேள்வி பலரை நோயினும் அதிகமாக வருத்தியது என்பது என் கருத்து.

இதற்குக் கணக்கு ஒரு விடை சொல்கிறது. 1998இல் அவிதன் நியூமனும் அலன் பெரல்சனும் பிறரும் வெளியிட்ட ஆய்வின்படி, நோயாளி ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி வைரசுகள் உண்டாகின்றன. குருதியில் உள்ளவற்றிற் பாதி மூன்று மணிநேரத்துக்குள் அழிகின்றன. அழிந்த இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. இனி, ‘காணப்படவில்லை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மில்லிலீற்றர் ஒன்றுக்கு 15 அலகுக்குக் கீழே அறியமாட்டாத கருவி ஒன்றைக் கொண்டு சோதித்தோம் என்று வைப்போம். ஐந்து லீற்றர் குருதியுடைய ஒருவரிடத்தில் எழுபதினாயிரம் அலகு எஞ்சியிருந்தாலும் அக்கருவி ஒன்றும் இல்லையென்றே சொல்லும். ஈரலின் உள்ளே கிடப்பது வேறு. நீறு பூத்த நெருப்பு என்று நம்மவர் சொல்வது இதற்குப் பொருந்தும். மருந்து நின்ற மறுநாள் முதல் எஞ்சியது பெருகுகிறது. நோயாளி தவறியதனால் அது எழவில்லை; மருந்து அடிவரை செல்லாததனால் எழுந்தது.

ஆனால் இந்த வைரசுக்கு ஒரு குறையுண்டு; அக்குறை மனிதர்க்கு நன்மை. பீ வகை வைரசு ஈரற் கலத்தின் கருவுக்குள் தன் மரபுப் பொருளைப் புதைத்துவைக்கும். சீ வகைக்கு அத்தகைய ஒளிப்பிடம் இல்லை. அது கலத்தின் கருவுக்கு வெளியே, பெருகிக்கொண்டேயிருந்தாற்றான் வாழும். பெருகுவதை முற்றாகத் தடுத்து, போதிய காலம் தடையை நிலைநிறுத்தினால், அது வேரோடு போய்விடும். திரும்பி வரும் நோயாயினும் அடியோடு தீர்க்கக்கூடிய நோய் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இதுதான்.

அந்நம்பிக்கை முதலிற் சோதிக்கப்பட்டது நோய் திரும்பியவர்களிடத்திலேயே. 1998இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், இன்டர்பெரோனாற் பயன்பெற்றுப் பின் நோய் திரும்பிய 345 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். 172 பேருக்குப் பழைய இன்டர்பெரோனே மறுபடியும் தரப்பட்டது. 173 பேருக்கு அதனோடு ரைபாவிரினும் சேர்க்கப்பட்டது. பழைய மருந்தை மட்டும் பெற்றவருள் 80 பேருக்கு மருந்து முடிந்தபோது வைரசு காணப்படவில்லை. 24 கிழமை சென்றபின் அந்த 80 பேரில் எஞ்சியவர் 8 பேர். இரு மருந்தையும் பெற்றவருள் மருந்து முடிந்தபோது 141 பேரும், 24 கிழமையின் பின் 84 பேரும் வைரசின்றி இருந்தனர். ரைபாவிரின் தனித்து இவ்வைரசை ஒழிக்கும் ஆற்றல் உடையதன்று. அது செய்த பேருதவி நோய் திரும்புவதைத் தடுத்ததே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இக்கூட்டு மருந்து முதன்முதல் அங்கீகரிக்கப்பட்டது நோய் திரும்பியவர்களுக்குத்தான். முன்னொருபோதும் மருந்துண்ணாதவர்க்கு அது ஆண்டின் இறுதியிலேயே அங்கீகாரம் பெற்றது. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் ஒருமுறையேனும் முன்னுக்கு அழைக்கப்பட்டனர்.

இதைத் தொடர்ந்து வைத்தியர்கள் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினர். நோய் தீராதவர் எல்லாரும் ஒரே இனத்தவரல்லர். மருந்துக்குச் சற்றும் பணியாத நோயுடையோர் ஒருசாரார். பணிந்து பின் திரும்பிய நோயுடையோர் மறுசாரார். வெளித்தோற்றத்தில் இரண்டாமவரே கொடுமையாக ஏமாற்றப்பட்டவர். ஆயினும் அடுத்த மருந்து வந்தபோது பேறு அவருக்கே பெரிது. 2011இல் டெலாப்பிரெவிர் என்னும் புதுமருந்தைப் பழைய இரண்டோடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், முன்னர் நோய் திரும்பியவருள் நூற்றுக்கு 83 பேர் குணமடைந்தனர். இன்னொரு முறையிற் கொடுத்தபோது 88 பேர். முன்னர் மருந்துக்கு அறவே பணியாதவருள் அத்தொகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஒருமுறை அடங்கிய வைரசு மறுமுறையும் அடங்கும். இச்செய்தியை அக்காலத்தில் எத்தனை வைத்தியர் தம் நோயாளரிடம் எடுத்துச் சொல்லியிருப்பர் என்று நான் எண்ணுவதுண்டு. சொல்லியிருந்தால் பல இரவுகளின் உறக்கம் கெட்டிராது.

இடையில் நிகழ்ந்த ஒரு வீண்முயற்சியையும் மறைப்பதற்கில்லை. வைரசை ஒழிக்க முடியாவிடினும் குறைந்த அளவு இன்டர்பெரோனை ஆண்டுக்கணக்கில் ஏற்றிவந்தால் ஈரல் தழும்பேறுவதையாவது தடுக்கலாம் என்று எண்ணி, அமெரிக்காவில் 1,050 பேரைக் கொண்டு மூன்றரை ஆண்டு சோதித்தனர். 2008இல் வந்த முடிவு: ஊசி ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் நோய் முற்றுவதில் வேறுபாடில்லை.

அப்படியாயின் மருந்து கைவிட்ட அந்நாளில் வைத்தியர் சொல்லக்கூடிய ஆறுதல் யாது? காலம் இருக்கிறது என்பதே. அதற்குச் சான்று அயர்லாந்திலிருந்து வந்தது. குருதிவகை முரண்பாட்டாற் பிள்ளைக்குக் கேடு வராதிருக்கத் தாய்மார்க்கு ஏற்றப்படும் ஓர் ஊசிமருந்து, 1977, 1978 ஆண்டுகளில் அந்நாட்டில் இவ்வைரசு கலந்ததாயிருந்தது. உண்மை வெளியானது 1994இல். ஏற்றுக்கொண்ட பெண்கள் எவ்விதத்திலும் தவறு செய்யாதவர். அரச சேவையொன்றை நம்பியவர். அவர்களுக்கு நேர்ந்தது பெருங்கொடுமை என்பதில் ஐயமில்லை. அவருள் 376 பேரை ஏறத்தாழ 17 ஆண்டின் பின் ஆராய்ந்தபோது, ஈரல் இறுகிச் சுருங்கிய நிலையில் அல்லது அதற்கு அணிமையில் இருந்தவர் எழுவரே என்று 1999இல் அறிவிக்கப்பட்டது. எல்லாருக்கும் நோய் இவ்வளவு மெதுவாக நடப்பதில்லை. ஆண்களுக்கும், வயது சென்றபின் தொற்றியவர்க்கும், மது அருந்துவோர்க்கும் அது விரைந்து செல்லும். எனினும் நோய் திரும்பிய ஒருவர் மதுவை அறவே விட்டு, ஏ வகைக்கும் பீ வகைக்கும் தடுப்பூசி ஏற்றிக்கொண்டு, ஈரலின் நிலையை ஒழுங்காகச் சோதிப்பித்து, அடுத்த மருந்து வரும்வரை காத்திருப்பது பொருளற்ற செயலன்று. காத்திருந்தவருட் பலர் அந்த மருந்தைக் கண்டனர்.

அது வந்த வகையும் ஓர் அதிர்ச்சியோடுதான். வைரசு பெருகும் பொறியையே நிறுத்தும் சோபோஸ்புவிர் என்னும் குளிசையை நியூசிலாந்தில் எட்வேர்ட் கேனும் பிறரும் சோதித்து 2013இல் எழுதினர். அதனோடு ரைபாவிரின் சேர்த்து 12 கிழமை உண்ட இரண்டாம், மூன்றாம் இன வைரசுடைய 40 பேரும் குணமடைந்தனர். அவருள் ஒரு பகுதியினர் இன்டர்பெரோன் ஊசி ஒன்றேனும் ஏற்றாதவர். உலகம் வியந்தது. அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது. முதலாம் இன வைரசுடையவராய், பழைய மருந்துக்குப் பணியாதிருந்த பத்துப் பேர் அதே குளிசைகளை அதே 12 கிழமை உண்டனர். அவர்கள் குருதியிலும் வைரசு விரைவாகக் குறைந்தது. குணமடைந்தவர் ஒருவரே. குளிசையை விழுங்குவதில் என்ன தவறு செய்யமுடியும்? நான் எங்கே தவறினேன் என்ற பழைய கேள்விக்கு இந்த ஒன்பது பேரும் விடையாக நிற்கின்றனர். மருந்து ஒன்றாயிருந்தது போதவில்லை. இன்னொரு புதுமருந்து வேண்டியிருந்தது. 2014இல் லெடிப்பாஸ்விர் என்னும் துணைமருந்து சோபோஸ்புவிரோடு ஒரே குளிசையாகச் சேர்க்கப்பட்டபின், அத்தகையோருள்ளும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குணமடைந்தனர்.

விலையைப்பற்றி ஒரு சொல். சோபோஸ்புவிர் அமெரிக்காவில் 12 கிழமைக்கு 84,000 டொலர், அதாவது ஒரு குளிசை 1,000 டொலர் என்று விற்பனைக்கு வந்தது. எகிப்து நாட்டரசு பேரம் பேசி 900 டொலருக்குப் பெற்றது. இந்தியக் கம்பனிகள் உரிமம் பெற்று ஆக்கத் தொடங்கியபின் விலை மேலும் வீழ்ந்தது. ஒருமுறைக்கே இவ்வளவு செலவானால், நோய் திரும்பியவர் மறுமுறைக்கு எங்கே போவார் என்ற கேள்வி செல்வ நாடுகளிலும் எழுந்தது.

புதுக்குளிசைகளின் பின்னும் நூற்றுக்குச் சிலருக்கு நோய் திரும்புகிறது. இவர்களிடத்தில் எஞ்சிய வைரசு மருந்தைக் கண்டு தன் உருவைச் சிறிது மாற்றிக்கொண்டதாயிருக்கலாம். அம்மாற்றம் ஒருவகை மருந்தை எதிர்த்தெழுந்ததாயின் சில மாதத்தில் மங்கும்; வேறொரு வகையை எதிர்த்ததாயின் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். ஆதலால் மறுமுறைக்கு மருந்து தெரிவதில் முன்பு உண்ட குளிசைகளின் பெயரை வைத்தியர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. பழைய சீட்டுகளை எறிந்துவிடலாகாது. இவர்களுக்கெனவே மூன்று மருந்தை ஒன்றாக்கிய குளிசையொன்று 2017இல் அங்கீகரிக்கப்பட்டது. புதுக்குளிசைகளாற் பயன்பெறாத 263 பேர் அதை 12 கிழமை உண்டதில் 253 பேர் குணமடைந்தனர். வெறுங்குளிசை உண்ட பிரிவில் ஒருவரும் குணமடையவில்லை. அவர்களுக்கும் பின்னர் உண்மை மருந்து கொடுக்கப்பட்டது.

24 கிழமைக் காத்திருப்பும் இன்று 12 கிழமையாகச் சுருங்கிவிட்டது. நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் நான்கு கிழமையிலும், ஏறத்தாழ எல்லாருக்கும் 12 கிழமைக்குள்ளும் திரும்பிவிடும் என்று பல்லாயிரவரின் கணக்கு காட்டியதே காரணம். அந்த எல்லையை வைரசின்றிக் கடந்தவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் அப்படியே இருக்கின்றனர். ஈரல் முன்பே இறுகிப்போனவர் மட்டும், குணமடைந்த பின்னும் ஆறு மாதத்துக்கொருமுறை ஈரலை ஒலியலைக் கருவியாற் பார்ப்பித்து வரவேண்டும்.

முடிக்குமுன், குணமடைந்தவர் பலரைக் காரணமின்றி நடுங்கவைக்கும் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். இவ்வைரசை எதிர்க்க உடல் ஆக்கிய பிறபொருளெதிரி, வைரசு போனபின்னும் பல்லாண்டு குருதியில் இருக்கும். குருதி கொடுக்கப் போன இடத்திலோ, வேறொரு சத்திரசிகிச்சைக்கு முன்போ செய்யும் சாதாரண சோதனை அதைக் கண்டு, நோய் உண்டு என்பதுபோற் காட்டும். அது நோய் மீண்டதன் அடையாளமன்று. வைரசின் மரபுப் பொருளையே தேடும் சோதனையைச் செய்வித்தால் உண்மை தெரியும். அதிலும் வைரசு காணப்பட்டால், பழையதே எழுந்ததா, புதிதாகத் தொற்றியதா என்பதை அதன் இனத்தையும் மரபு வரிசையையும் ஒப்பிட்டு அறியலாம். ஒருமுறை குணமானவரை இந்நோய் மறுபடி தொற்றாது என்ற காப்பில்லை. எந்த வகையாயினும் அவருக்கு இன்று மருந்துண்டு.